எச்.ஐ.வி. பரிசோதனையும் முடிவுக்கான காத்திருப்பும்: ஒரு வரலாற்று நோக்கு (1985–2018)

ஆய்வுச்சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்றின் வரலாறு பெரும்பாலும் நுண்ணுயிரியின் கண்டுபிடிப்பு, மருந்துகளின் வளர்ச்சி, அரசின் தடுப்புத் திட்டங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இரத்தம் எடுக்கப்பட்ட நேரத்திற்கும் முடிவு தெரியும் நேரத்திற்கும் இடைப்பட்ட காலம் ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெறவில்லை. அக்காலத்தில் பரிசோதனைக்கு உட்பட்டவர் அடைந்த அச்சத்தைத் தனிமனித உளவியலாக மட்டும் கருத முடியாது. ஆய்வக முறை, உடலின் இயல்பு, மருந்தின் இருப்பு, முடிவின்மீதான உரிமை ஆகிய நான்கும் சேர்ந்து அவ்வச்சத்தை வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அமெரிக்கா, சென்னை, கோவா, மலாவி ஆகிய இடங்களின் நிகழ்வுகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி. பரிசோதனை, காத்திருப்பு, எலைசா, சாளரக் காலம், ஆற்றுப்படுத்தல், நம்பிக்கை மையம், மருத்துவ வரலாறு.

1. முன்னுரை

மருத்துவ ஆவணங்கள் முடிவுகளைப் பதிவு செய்கின்றன. காத்திருப்பைப் பதிவு செய்வதில்லை. பரிசோதனை மையத்தின் பதிவேட்டில் இரத்தம் எடுத்த நாளும் முடிவு பெற்ற நாளும் இருக்கும். அவ்விரு நாட்களுக்கும் நடுவில் ஒருவர் எத்தனை இரவுகள் உறங்காதிருந்தார், யாரிடம் சொல்லத் துணிந்தார், யாரிடம் மறைத்தார் என்பவற்றுக்கு அங்கு இடமில்லை. எனவே காத்திருப்பின் வரலாற்றை எழுத முனைபவர் மறைமுகச் சான்றுகளையே நாட வேண்டியுள்ளது. பரிசோதனை முறைகளின் மாற்றம், முடிவைப் பெறத் திரும்பி வாராதோரின் விகிதம், நீதிமன்ற வழக்குகள், மருத்துவர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியன அத்தகைய சான்றுகள்.

இக்கட்டுரை காத்திருப்பை மூன்று இடைவெளிகளாகப் பகுத்துக் காண்கிறது. தொற்று நிகழ்ந்த நாளுக்கும் சோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடைப்பட்டது உடல்சார் இடைவெளி. இரத்தம் எடுத்த நேரத்திற்கும் முடிவு உருவாகும் நேரத்திற்கும் இடைப்பட்டது ஆய்வகஞ்சார் இடைவெளி. முடிவு உருவான நேரத்திற்கும் அது உரியவரைச் சேரும் நேரத்திற்கும் இடைப்பட்டது அறிவிப்புசார் இடைவெளி. இவற்றுள் இரண்டாவது பெரிதும் சுருங்கிவிட்டது. முதலாவது குறைந்துள்ளதே தவிர மறையவில்லை. மூன்றாவதே சமூக வரலாற்றாய்வாளரின் கவனத்திற்கு மிகுதியும் உரியது.

2. இரத்தத்திற்காக எழுந்த சோதனை

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் அழற்சியைப் பதிவு செய்தது. எய்ட்ஸ் குறித்த முதல் மருத்துவப் பதிவு இதுவே. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞே ஆகியோர் அடங்கிய குழு நோய்க்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தது. 1984இல் அமெரிக்காவின் ராபர்ட் காலோ குழு வைரசுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வலுப்படுத்தும் ஆய்வுகளை வெளியிட்டது. 1985 மார்ச் 2 அன்று முதல் எலைசா சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உரிமம் வழங்கியது.

இச்சோதனை தனிமனிதருக்கு அவரது நிலையை அறிவிப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று என்பது இங்குக் கருதத்தக்கது. இரத்த வங்கிகளில் சேரும் இரத்தத்தைத் தூய்மையாக வைத்திருப்பதே அதன் முதல் நோக்கம். ஐயமுள்ள இரத்தத்தை அகற்றிவிட்டால் வங்கியின் பணி முடிந்தது. கொடுத்தவரின் மனநிலை அப்பணியின் எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் சோதனை வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும், தம் நிலையை அறிய விரும்புவோர் இரத்தம் கொடுப்பதுபோல் வங்கிகளை நாடக்கூடும் என்ற கவலை எழுந்தது. அதனைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 1985 முதல் மாற்றுப் பரிசோதனை இடங்கள் அமைக்கப்பட்டன. முடிவுக்காகக் காத்திருக்கும் மனிதர் என்ற புதிய நிலை இவ்விடங்களில்தான் உருப்பெற்றது எனலாம்.

அக்காலத்தில் சோதனை செய்துகொள்ளலாமா என்பதே விவாதப் பொருளாக இருந்தது. மருந்து எதுவும் இல்லாத நிலையில் முடிவை அறிவதால் என்ன பயன் என்று ஒருபாலீர்ப்பினரின் அமைப்புகள் பல வினவின. பெயர்ப் பட்டியல்கள் வெளிப்பட்டால் வேலையும் காப்பீடும் பறிபோகும் என்ற அவற்றின் அச்சம் வெற்றுக் கற்பனையன்று. 1987இல் ஏ.இசட்.டி. மருந்துக்கு ஒப்புதல் கிடைத்த பின்னரே அவ்விவாதத்தின் திசை மாறத் தொடங்கியது.

3. சென்னை, 1986: அறியாதோரின் காத்திருப்பு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இத்தலைப்பில் ஆய்வு செய்யத் தூண்டினார். இந்தியாவில் இந்நோய் இருக்க வாய்ப்பில்லை என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது. அதனால் ஆய்வு வீணாகலாம் என்ற தயக்கம் மாணவிக்கும் இருந்தது. பாலியல் தொழிலில் ஈடுபட்டுக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்டோரிடமிருந்து இரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. உரிய சேமிப்பு வசதி இல்லாததால் அவை நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டன.

சென்னையில் எலைசா சோதனைக்கு அப்போது வசதியில்லை. எனவே நிர்மலா தம் கணவருடன் இரவுத் தொடர்வண்டியில் மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு ஜேக்கப் ஜான் தலைமையிலான வைராலஜித் துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. அப்பெண்களிடமிருந்து மீண்டும் இரத்தம் எடுக்கப்பட்டு, உறுதிசெய்யும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கும் முடிவு மாறவில்லை. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே 1986இல் தமிழகச் சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

இந்நிகழ்வைக் கண்டுபிடிப்பின் வரலாறாகக் காண்போர், ஆய்வாளரின் துணிவைச் சரியாகவே போற்றுவர். காத்திருப்பின் வரலாறாகக் காணும்போது வேறொரு கேள்வி முன்நிற்கிறது. வேலூரில் முடிவுக்காகக் காத்திருந்தோர் மருத்துவர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் செய்திக்காகக் காத்திருந்தோர் மருத்துவர்களும் அரசும். இரத்தம் கொடுத்த பெண்களோ எதற்கான சோதனை அது என்பதை அறியாதிருந்தனர். பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே எண்ணியிருந்தனர் என நிர்மலா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தாம் காத்திருக்கிறோம் என்பதே தெரியாதவர்களுக்கு அதன் அச்சமும் இல்லை. ஆனால் முடிவைக் கேட்டறியும் உரிமையும் இல்லை. அச்சம் துன்பமே எனினும், தன் உடலைப் பற்றிய செய்தி தனக்குரியது என்ற உணர்வு இருக்கும் இடத்தில்தான் அது தோன்றும். இந்திய எச்.ஐ.வி. வரலாற்றின் முதல் பரிசோதனையில் அவ்வுணர்வுக்கு இடம் தரப்படவில்லை. அன்றைய ஆய்வு மரபில் இது விதிவிலக்கன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

4. இரண்டு கட்டச் சோதனையும் கணக்கும்

தொடக்க கால முடிவுகள் வரக் காலம் பிடித்ததற்கு நிர்வாகச் சுணக்கம் மட்டும் காரணமன்று. சோதனையின் தன்மையே அதனை வேண்டியது. எலைசா வைரசைத் தேடுவதில்லை. வைரசுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தொற்றுள்ள எவரையும் தவறவிடக்கூடாது என்பதற்காக அது மிக நுட்பமாக அமைக்கப்பட்டது. அதன் விளைவாகத் தொற்றில்லாத சிலரையும் அது தொற்றுள்ளவராகக் காட்டியது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 10,000 பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் 10 பேருக்குத் தொற்று உள்ளது என்று கொள்வோம். தொற்றில்லாதோருள் 99.5 விழுக்காட்டினரைச் சோதனை சரியாக இனங்காண்கிறது என்றும் கொள்வோம். எஞ்சிய அரை விழுக்காடு ஏறத்தாழ 50 பேர். அதாவது முதற்கட்டத்தில் தொற்றுள்ளதாகக் காட்டப்படும் 60 பேருள் 50 பேர் உண்மையில் தொற்றில்லாதவர். ஆகவே இரண்டாவதாக ஓர் உறுதிச் சோதனை தவிர்க்க முடியாததாயிற்று.

அதற்கெனப் பயன்பட்ட வெஸ்டர்ன் பிளாட் முறை செலவு மிக்கது. பயிற்சி பெற்றோர் வேண்டுவது. எல்லா ஊர்களிலும் கிடைக்காதது. மாதிரிகள் தொலைவிலுள்ள ஆய்வகங்களுக்குச் செல்லவும் முடிவு திரும்பவும் ஒன்றிரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆயின. சில வேளைகளில் உண்டு என்றும் இல்லை என்றும் கூற இயலாத முடிவு வந்தது. அத்தகையோர் சில மாதங்கள் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. தவறான செய்தியைத் தராதிருக்கும் பொறுப்பே காத்திருப்பை நீட்டித்தது என்பது இக்காலத்தின் முரண்.

5. முடிவு யாருக்குரியது?

ஆய்வகத்தில் முடிவு உருவான பின் அது முதலில் யாரை அடைந்தது என்பதை ஆராயும்போது, அச்சத்தின் சமூக வேர் புலப்படும். கோவாவில் 1989ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்கு முதன்மைச் சான்று. தொடர்ந்து இரத்தக் கொடை அளித்துவந்த டொமினிக் டிசோசா என்ற இளைஞரின் இரத்தத்தில் தொற்று இருப்பது தெரியவந்தது. அச்செய்தி அவருக்கு ஆற்றுப்படுத்தலின் வழியே வந்து சேரவில்லை. காவல்துறையினர் அவரை அழைத்துச் சென்றனர். கோவா பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அவர் 64 நாட்கள் தனிமையில் அடைத்து வைக்கப்பட்டார். அவருடைய தாயார் தொடுத்த வழக்கில், தனிமைப்படுத்தும் அதிகாரம் சட்டப்படி செல்லும் என்றே மும்பை உயர் நீதிமன்றம் கருதியது. டிசோசா 1992இல் மறைந்தார். அதற்குமுன் தொற்றுள்ளோருக்கான அமைப்பொன்றை அவர் தொடங்கியிருந்தார்.

இரண்டாவது சான்று சென்னையோடு தொடர்புடையது. நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னை மருத்துவமனை ஒன்றுக்கு வந்து, இரத்தம் அளிக்க முன்வந்த ஒருவருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அச்செய்தி பிறருக்குத் தெரியவந்து, நிச்சயிக்கப்பட்டிருந்த அவரது திருமணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கில் 1998இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை முழுமையானதன்று எனக் கூறி, மணமகளின் நலன் கருதி வெளியிட்டதைத் தவறாகக் கருதவில்லை. தொற்றுள்ளோரின் திருமண உரிமையைப் பற்றியும் அத்தீர்ப்பு கருத்துரைத்தது. அக்கருத்துகள் தேவையற்றவை என 2002இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு தெளிவுபடுத்தியது.

மணமகளின் உயிர் காக்கப்பட வேண்டியதே என்ற வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளையும் செய்தித்தாளில் படித்த ஒருவர், அடுத்த நாள் பரிசோதனைக்குச் செல்லும்போது எதனை அஞ்சியிருப்பார் என்பதே இங்கு எழும் கேள்வி. அவர் நோயை மட்டும் அஞ்சியிருக்க மாட்டார். தம் கைக்கு வருமுன் முடிவு பிறர் கைக்குச் சென்றுவிடுமோ என்றும் அஞ்சியிருப்பார். எனவே 1990களின் காத்திருப்பில் மரண அச்சமும் வெளிப்பாட்டின் அச்சமும் பிரிக்க இயலாதவாறு பின்னியிருந்தன.

6. திரும்பி வாராதோர்

காத்திருப்பின் சுமையை அளவிடக் கிடைக்கும் சான்றுகளுள் வலுவானது, முடிவைப் பெறத் திரும்பி வாராதோரின் விகிதம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் பொதுத்துறைப் பரிசோதனை மையங்களில் தொற்று உறுதியானோருள் 31 விழுக்காட்டினர் முடிவைப் பெற வரவில்லை என அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் தெரிவித்தன. முடிவு பதிவேட்டில் இருந்தது. உரியவரோ அதனை அறியாது வாழ்ந்தார்.

இதற்கு அச்சமே காரணம் என எளிதில் கூறிவிடலாம். ஆனால் ஆப்பிரிக்க நாடான மலாவியின் ஊர்ப்புறங்களில் பொருளியலாளர் ரெபெக்கா தார்ன்டன் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிவை ஐயுறச் செய்கிறது. பரிசோதனை செய்துகொண்டோருக்குச் சீட்டுக் குலுக்கல் முறையில் வெவ்வேறு மதிப்புள்ள சிறு தொகைகள் அறிவிக்கப்பட்டன. முடிவைக் கேட்க வந்தால் அத்தொகையைப் பெறலாம். தொகை ஏதும் கிடைக்காதோருள் 34 விழுக்காட்டினரே வந்தனர். சிறு தொகை கிடைத்தபோதும் வருவோரின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. முடிவு வழங்கும் இடம் தொலைவாக இருந்தால் வருகை குறைந்தது.

இவ்வாய்விலிருந்து அச்சம் பொய் என்று முடிவு செய்வது பிழையாகும். அச்சம் தனித்து நிற்பதில்லை என்பதே இதன் பொருள். ஒரு நாள் கூலி இழப்பு, நடக்க வேண்டிய தொலைவு, வீட்டில் சொல்ல வேண்டிய காரணம் ஆகியவை அச்சத்தோடு சேரும்போது மனிதர் வாராமல் நின்றுவிடுகின்றனர். அச்சத்தை முழுதும் அகற்றாமலே, அதனோடு சேரும் தடைகளை அகற்றினால் அவர்கள் வருகின்றனர். பொதுச் சுகாதாரத் துறைக்கு இதுவொரு நம்பிக்கை தரும் செய்தி.

7. மருந்தும் அச்சத்தின் மாற்றமும்

1996இல் கூட்டு மருந்து முறையின் பயன் உறுதியானது. ஆனால் அதன் விலை இந்தியாவின் பெரும்பாலோருக்கு எட்டாததாக இருந்தது. 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் கூட்டு மருந்தைத் தர முன்வந்தது உலக அளவில் திருப்புமுனையாயிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தோன்றிய அந்த மருத்துவமனை, ஒதுக்கப்பட்டோருக்கு இடம் தருவதில் ஏற்கெனவே நீண்ட பழக்கம் உடையது.

மருந்து கிடைத்ததும் காத்திருப்போரின் கேள்வி மாறியது. முன்பு 'எத்தனை நாள் இருப்பேன்?' என்றிருந்த வினா, 'மருந்து எங்குக் கிடைக்கும், எப்போது தொடங்க வேண்டும்?' என்பதாயிற்று. கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்வதைத் தடுக்க இயலும் என்ற நிலை, முடிவை அறிவதற்கே புதிய பொருள் தந்தது. எனினும் இதில் ஒரு சமனின்மையும் தோன்றியது. மகப்பேற்றுக்காக மருத்துவமனைக்கு வரும் மனைவி கணவனுக்கு முன்பே சோதிக்கப்பட்டார். குடும்பத்தில் முதலில் முடிவை அறிந்தவர் என்பதாலேயே, நோயைக் கொண்டுவந்தவர் என்ற பழிக்கும் அவர் முதலில் உள்ளாக நேர்ந்தது. முடிவை அறியும் வரிசை குற்றம் சாட்டும் வரிசையாக மாறியது.

8. நம்பிக்கை மையமும் ஒரே நாள் முடிவும்

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பை நிறுவினார். தன்விருப்பப் பரிசோதனையையும் ஆற்றுப்படுத்தலையும் இணைத்த தொடக்க முயற்சிகளுள் அது குறிப்பிடத்தக்கது. 1986இல் இரத்தம் கொடுத்தோர்க்கு வழங்கப்படாத விளக்கம், அதே ஆய்வாளரின் பிற்காலப் பணியில் பரிசோதனையின் முதற்படியாக அமைந்தது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் தன்விருப்பப் பரிசோதனை மையங்களும், தாய்-சேய் தொற்றுத் தடுப்பு மையங்களும் 2006இல் ஒருங்கிணைக்கப்பட்டன. தமிழகத்தில் இவை 'நம்பிக்கை மையம்' என்றே அழைக்கப்படுகின்றன. நோயின் பெயரைத் தவிர்க்கும் இப்பெயர், பலகையைப் பார்ப்போரின் கண்ணிலிருந்து உள்ளே செல்வோரைக் காக்கிறது. விரைவுச் சோதனைகள் பரவியதும் ஆய்வகஞ்சார் இடைவெளி வாரங்களிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கியது. வெவ்வேறு வகை விரைவுச் சோதனைகள் மூன்றை அடுத்தடுத்துச் செய்து உறுதிப்படுத்தும் முறையால், அன்றே முடிவு தருவது இயல்வதாயிற்று.

இம்மாற்றத்தின் நன்மை தெளிவு. ஆனால் பழைய முறையில் காத்திருந்த நாட்கள் ஒருவர் தம்மைத் தயார்செய்துகொள்ளவும் பயன்பட்டன. இன்று அத்தயாரிப்பு முழுவதும் அரை மணி நேரத்திற்குள் ஆற்றுநரின் உரையாடலில் நிகழ வேண்டியுள்ளது. மொழியும் இங்கு இடையூறாகலாம். 'நேர்மறை' என்ற சொல் பொதுவழக்கில் நன்மையைக் குறிப்பது; முடிவுச் சீட்டிலோ தொற்றைக் குறிக்கிறது. 'தொற்று உள்ளது', 'தொற்று தென்படவில்லை' எனத் தெளிவாகச் சொல்வதே பதற்றத்திலிருப்பவருக்கு உதவும்.

9. சுருங்காத சாளரம்

ஆய்வகம் விரைந்தாலும் உடல் தன் காலத்தை எடுத்துக்கொள்கிறது. தொற்று நிகழ்ந்தும் சோதனையில் தென்படாத இக்காலம் சாளரக் காலம் எனப்படுகிறது. எதிர்ப்பொருளை மட்டும் தேடிய தொடக்க காலச் சோதனைகளில் இது பல வாரங்கள் நீடித்தது. பி24 என்னும் வைரசுப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனைகள் இதனை இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை குறைத்தன. வைரசின் மரபுப்பொருளையே தேடும் முறை இன்னும் சில நாட்களைக் குறைக்கிறது. எனினும் இடைவெளி முற்றிலும் இல்லாமற்போவதில்லை.

ஆகவே அரை மணியில் 'இல்லை' என்ற முடிவைப் பெற்றவருக்கும், அண்மையில் தொற்று வாய்ப்பு நேர்ந்திருந்தால், மீண்டும் வருமாறு சொல்லப்படுகிறது. முன்பு ஆய்வகத்தின் வாயிலில் நிகழ்ந்த காத்திருப்பு இப்போது வீட்டிற்கு இடம்பெயர்ந்துள்ளது. ஒரு முறை போதுமான காலம் கழிந்து தெளிவான முடிவு வந்த பின்னும் மீண்டும் மீண்டும் சோதனை தேடுவோர் உளர். அவர்களுக்கு வேண்டியது மேலும் ஒரு துளி இரத்தம் எடுப்பதன்று. அச்சத்தின் காரணத்தைப் பேசுவதற்கு ஒரு செவி.

அறிவிப்புசார் இடைவெளியும் முற்றிலும் மூடப்படவில்லை. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கருவுற்ற பெண் ஒருவருக்குத் தொற்றுள்ள இரத்தம் செலுத்தப்பட்ட நிகழ்வு நாட்டையே உலுக்கியது. இரத்தம் அளித்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கொடையளித்தபோது தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அச்செய்தி அவரை உரியவாறு சென்றடையவில்லை என அப்போதைய செய்திகள் வெளிப்படுத்தின. விரைவுச் சோதனைகள் பரவிய காலத்திலும் ஒரு முடிவு இரண்டு ஆண்டுகள் உரியவரை அடையாதிருந்தது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால், முடிவுக்குக் காத்திருக்கும்போது தோன்றும் அச்சம் காலந்தோறும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை என்பது தெளிவாகிறது. மருந்தில்லாக் காலத்தில் அது மரணத்தின் அச்சம். காவலும் வழக்கும் சூழ்ந்த காலத்தில் வெளிப்பாட்டின் அச்சம். மருந்து கிடைத்த பின் உறவும் பழியும் பற்றிய அச்சம். ஆய்வகத்தின் விரைவு இவற்றுள் எதனையும் தனித்து நீக்கவில்லை.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், அறிந்து தரும் ஒப்புதலையும் முடிவின் மறைகாப்பையும் சட்டக் கடமைகளாக்கியுள்ளது. 1986இல் காவல் இல்லத்துப் பெண்களுக்கும் 1989இல் கோவா இளைஞருக்கும் மறுக்கப்பட்டவை இவையே. சோதனையின் வேகத்தை அளக்கும் திட்டங்கள், முடிவு உரியவரிடம் உரிய முறையில் சேர்ந்ததா என்பதையும் அளக்க வேண்டும். தமிழக நம்பிக்கை மையங்களில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆற்றுநர்களின் அனுபவங்கள் வாய்மொழி வரலாறாகத் திரட்டப்படுவதும் உடனடித் தேவை. பதிவேடுகள் சொல்லாத காத்திருப்பை நாள்தோறும் எதிரிலிருந்து கண்டவர்கள் அவர்களே.